உஷார்! உலை நின்றாலும் உள்ளே சூடு நிற்காது

எங்காவது அணுமின் நிலையத்தில் விபத்து என்று டிவியில் செய்தி ஓடும்போது, கூடவே இன்னொரு வரியும் ஓடும்: ‘உலைகள் பாதுகாப்பாக நிறுத்தப்பட்டுவிட்டன, மக்கள் அச்சப்பட வேண்டாம்.’ அதைப் படித்து நிம்மதியாகச் சேனலை மாற்றிவிடாதீர்கள். உண்மையான கண்டம் அந்த வரிக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. ஜப்பானின் கிழக்குக் கடலில் 9.0 அளவு நிலநடுக்கம். ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் அப்போது ஓடிக்கொண்டிருந்தவை மூன்று உலைகள். மூன்றும் தாமாகவே நின்றன. கட்டுப்பாட்டுக் கோல்கள் எல்லாம் உள்ளே போயின. ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்படி ஒழுங்காக நின்ற அதே மூன்று உலைகள்தான் நான்கு நாட்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக உருகின.

ஏன்? யுரேனியம் பிளப்பதை நிறுத்தலாம். ஏற்கெனவே பிளந்து கிடக்கும் துணுக்குகளை யாராலும் நிறுத்த முடியாது. அவை கதிர்வீச்சை உமிழ்ந்து சிதைந்துகொண்டே இருக்கும். அந்தச் சிதைவு வெப்பத்தைத் தந்துகொண்டே இருக்கும். அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல்லில் தங்கியிருக்கும் மிச்சச் சூடு என்று இதை எண்ணினால் ஏமாந்துபோவோம். கல் தானாக ஆறிவிடும். இது உள்ளேயே புதிதாகப் பிறந்துகொண்டிருக்கும் சூடு.

கணக்கைப் பாருங்கள். ஃபுகுஷிமாவின் 2, 3-ஆம் உலைகள் ஒவ்வொன்றும் 2,381 மெகாவாட் வெப்பம் தருபவை. நிறுத்திய கணத்தில் அதில் ஆறேழு சதவீதம் மிஞ்சும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை சதவீதமாகக் குறையும். ஒரு நாள் கழித்து அரை சதவீதம். அரை சதவீதம்தானே என்று தோன்றும். அது 12 மெகாவாட். மணிக்கு 15,000 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிவிடும். போன தண்ணீருக்கு ஈடாகப் புதுத் தண்ணீர் வராவிட்டால் எரிபொருள் கோல்கள் வெளியே தலைகாட்டும். அவற்றைப் போர்த்தியிருக்கும் ஜிர்கோனியம் உலோகம் 1,200 டிகிரியைத் தாண்டினால் நீராவியோடு வேகமாக வினைபுரியும். அந்த வினையே மேலும் சூட்டைக் கிளப்பும், போதாக்குறைக்கு ஹைட்ரஜனையும் கக்கும். பிறகு எரிபொருளே உருகி உலைக்கலத்தின் அடியைப் பொத்துக்கொண்டு இறங்கும்.

சரி, தண்ணீரை ஊற்ற வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

அந்த நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரம் நிலநடுக்கத்திலேயே போயிற்று. டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. சுமார் 50 நிமிடம் கழித்துச் சுனாமி. 5.7 மீட்டர் அலை வரும் என்று எதிர்பார்த்துத் திட்டமிட்ட இடத்தில் 14, 15 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை எங்கே இருந்தன தெரியுமா? கட்டடங்களின் அடித்தளத்தில். தண்ணீர் முதலில் புகும் இடத்தில்! 6-ஆம் உலைக்கென மேட்டில் வைத்திருந்த, காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் மட்டும் தொடர்ந்து ஓடியது. அந்த ஒன்றை வைத்துத்தான் 5, 6 இரண்டு உலைகளையும் காப்பாற்றினார்கள்.

1-ஆம் உலையின் கட்டுப்பாட்டு அறையில் விளக்கு, மீட்டர், எச்சரிக்கை மணி எதுவும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் வேலை. மின்சாரமே இல்லாமல் நீராவியைக் குளிரவைத்துத் திருப்பி அனுப்பும் அமைப்பு ஒன்று அந்த உலைக்கு உண்டு. ஆனால் அதன் வால்வுகள் மூடிக்கொண்டன. மூடிக்கொண்டன என்பது உள்ளே இருந்தவர்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. பலர் அது ஓடுகிறது என்றே நம்பியிருந்தார்கள். இரவு 9 மணிக்கு மேல் நீர்மட்ட மீட்டருக்கு எப்படியோ கரண்ட் கொடுத்துப் பார்த்தபோது, எரிபொருளுக்கு மேலே 20 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்பதாகக் காட்டியது. எல்லோருக்கும் ஆறுதல். உண்மையில் கோல்கள் வெளியே தெரியத் தொடங்கி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது என்று பின்னர் கணக்கிட்டார்கள். அந்த மீட்டர், தனக்குள் ஒரு குழாயில் நிற்கும் தண்ணீரோடு ஒப்பிட்டுத்தான் மட்டத்தைச் சொல்லும். கடும் சூட்டில் அந்தக் குழாய்த் தண்ணீரும் ஆவியாகிப் போயிருந்தது. ஆகவே, ‘நீர்மட்டம் சீராக உள்ளது’ என்று அறிக்கை வந்தால், எந்த மீட்டர் சொல்கிறது, அதற்கு எங்கிருந்து கரண்ட் வருகிறது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

அடுத்து அழுத்தம். இந்த உலைகள் ஓடும்போது உள்ளே 70 வளிமண்டல அழுத்தம். தீயணைப்பு வண்டியின் பம்ப்பால் அதில் சிறு பங்கைத்தான் தர முடியும். வெளியே வண்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் உள்ளே ஒரு சொட்டு ஏறாது. முதலில் வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்க வேண்டும். வால்வைத் திறக்க 120 வோல்ட்டுக்குக் குறையாமல் நேர்மின்சாரம் வேண்டும். 3-ஆம் உலையில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊழியர்கள் தங்கள் சொந்தக் கார்களிலிருந்து 12 வோல்ட் பேட்டரிகளைக் கழற்றி எடுத்துவந்து, பத்து பேட்டரிகளை வரிசையாக வயரால் கோத்தார்கள். ஒரு அணு உலையின் தலைவிதி கார் நிறுத்துமிடத்துப் பேட்டரிகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அழுத்தத்தை இறக்கினால் நீராவி எங்கே போகும்? சுற்றியிருக்கும் காப்புக்கலத்துக்குள். அது நிரம்பினால் வெடிக்காமலிருக்க அதையும் திறந்துவிட வேண்டும். திறந்தால் கதிர்வீச்சு ஊருக்குள் வரும். திறக்காவிட்டால் மொத்தமும் வரும். இரண்டு கெட்டதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. 1-ஆம் உலையின் வால்வைக் கையால் திறக்க, கும்மிருட்டில் கவச உடையோடு ஆட்களை அனுப்பினார்கள். முதல் குழு ஒரு வால்வைத் திறந்தது. இரண்டாவது குழு கதிர்வீச்சு தாங்க முடியாமல் பாதியிலேயே திரும்பியது. மார்ச் 12 பிற்பகல் ஒருவழியாக அழுத்தம் இறங்கியது. 3.36-க்கு, கட்டடத்தின் உச்சியில் சேர்ந்திருந்த ஹைட்ரஜன் வெடித்துக் கூரை பறந்தது. 14-ஆம் தேதி 3-ஆம் உலைக் கட்டடம். 15-ஆம் தேதி காலை 4-ஆம் உலைக் கட்டடம். 4-ஆம் உலையில் எரிபொருளே இல்லை! பக்கத்து உலையின் ஹைட்ரஜன், இரண்டுக்கும் பொதுவான புகைபோக்கிக் குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து சேர்ந்திருந்தது.

தீயணைப்பு வண்டிக் கதைக்கு வருவோம். நிலையத்தில் இருந்தவை மூன்று. ஒன்றைச் சுனாமி கெடுத்தது, ஒன்று உடைந்த பாதைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது, மிஞ்சியது ஒன்று. நல்ல தண்ணீர் 80 டன் அளவில் தீர்ந்துபோனது. 3-ஆம் உலைக்கு முன்னால் ஒரு குழியில் சுனாமி விட்டுச்சென்ற உப்புத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதை உறிஞ்சி 1-ஆம் உலைக்குள் விட்டார்கள். கடல்நீர் போனால் உலை ஜென்மத்துக்கும் உதவாது. அன்று மாலை டோக்கியோவிலிருந்து ‘பிரதமர் அலுவலகம் இன்னும் சம்மதிக்கவில்லை, நிறுத்துங்கள்’ என்று தொலைபேசி. நிலைய இயக்குநர் மசாவ் யோஷிதா, பொறுப்பாளரை அருகே அழைத்து, ‘இப்போது நிறுத்தச் சொல்லுவேன், நீ நிறுத்தாதே’ என்ற பொருளில் காதோடு காதாகச் சொல்லிவிட்டு, வீடியோ கான்ஃபரன்ஸில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி ‘நிறுத்து’ என்று சத்தமாக உத்தரவிட்டார். மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாதவரால் தண்ணீர் நிற்காமல் ஓடியது. 2013-இல் அவர் புற்றுநோயில் இறந்தார், வயது 58.

இதில் கசப்பான பகுதி பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு பாடுபட்டுச் செலுத்திய தண்ணீரில் பெரும்பங்கு உலைக்குப் போகவே இல்லை. வழியில் பிரிந்த கிளைக் குழாய்கள் வழியாக வேறு தொட்டிகளுக்கும் கண்டென்சருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நிலைமை சரியாக இருந்தால் அந்தக் குழாய்களில் மின்பம்புகள் ஓடித் தண்ணீரைத் தடுத்திருக்கும். கரண்ட் இல்லை, பம்பும் இல்லை, வழி திறந்தே கிடந்தது. ‘மணிக்கு இத்தனை டன் செலுத்துகிறோம்’ என்ற அறிவிப்பு பம்ப் வாயில் எடுத்த கணக்கு. உலைக்குள் எத்தனை போய்ச் சேர்ந்தது என்பது வேறு கணக்கு.

உலைகளைவிடப் பயமுறுத்தியது குளம். பயன்படுத்திய எரிபொருளைக் கட்டடத்தின் மேல்தளத்தில் ஒரு பெரிய நீர்த்தொட்டியில் ஆண்டுக்கணக்கில் போட்டு வைப்பார்கள். உலைக்காவது எஃகுக் கலம், அதைச் சுற்றிக் காப்புக்கலம் என்று அடுக்கடுக்காக அரண் உண்டு. குளத்துக்கு மேலே சாதாரணக் கூரைதான். வெடிப்புக்குப் பிறகு அதுவும் இல்லை. 4-ஆம் உலைக் குளத்தில் 1,535 எரிபொருள் கட்டுகள் கிடந்தன. நாளொன்றுக்கு 70 டன்னுக்கு மேல் ஆவியாகும் சூடு. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் கிரெகரி யாஸ்கோ, அந்தக் குளத்தில் தண்ணீரே இல்லை என்று தாங்கள் நம்புவதாக அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே சொன்னார். அது தவறு என்று பின்னால் தெரிந்தது. தண்ணீர் இருந்தது, ஆனால் திறமையால் அல்ல. பக்கத்தில் உள்ள உலைக்கிணற்றைப் பராமரிப்புக்காக நிரப்பியிருந்தார்கள். அதற்கு முன்பே வடித்திருக்க வேண்டிய தண்ணீர், வேலை தள்ளிப்போனதால் அங்கேயே கிடந்தது. நடுவிலிருந்த தடுப்புக் கதவு வழியாக அது குளத்துக்குக் கசிந்தது. தாமதமான ஒரு பராமரிப்பு வேலை காப்பாற்றியது என்றால், இதை எந்தப் பாதுகாப்புத் திட்டத்தில் எழுதிவைப்பது?

மார்ச் 17. ராணுவ சினூக் ஹெலிகாப்டர்கள் பறந்துவந்து 3-ஆம் உலையின் மேல் கடல்நீரைக் கொட்டிய காட்சியை உலகமே பார்த்தது. முறைக்கு ஏழரை டன், நான்கு முறை. காற்று அதைத் தூறலாக்கி இறைத்தது. எனக்கென்னவோ அது குளத்துக்கு ஊற்றியதைவிட, ‘ஏதாவது செய்கிறோம்’ என்று பார்ப்பவர்களுக்குக் காட்டியதாகவே தோன்றுகிறது. காரியத்துக்கு உதவியது வேறொன்று: கட்டுமான வேலைக்கு கான்கிரீட் ஏற்றும் பம்ப் லாரி. 58 மீட்டர் நீளக் கையை மடக்கி நீட்டி, குளத்துக்கு நேர் மேலே முனையைக் கொண்டுபோய் நிறுத்தித் தண்ணீர் விட்டது. ஜப்பானியர் அதற்கு ‘ஒட்டகச்சிவிங்கி’ என்று பெயர் வைத்தார்கள். கேமராவுக்கு அழகான உத்தியும் வேலைக்கு ஆகும் உத்தியும் ஒன்றாக இருப்பதில்லை. 1986-இல் செர்னோபிலிலும் இதே கதை. மணல், களிமண், ஈயம், போரான் என்று ஏறக்குறைய 5,000 டன்னை ஹெலிகாப்டரிலிருந்து போட்டார்கள், பெரும்பகுதி உலையின் மையத்தில் விழவில்லை. ‘மேலே மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டியதுதானே’ என்று கேட்பவர்களும் உஷார். சூடு தரும் பொருளைப் போர்த்தினால் சூடு உள்ளேதான் தங்கும். ஆறிய பிறகுதான் மூடலாம்.

இப்போது அடுத்த பூதம். ஊற்றிய தண்ணீர் எங்கே போகும்? கலத்தில் ஓட்டை, காப்புக்கலத்தில் ஓட்டை. உருகிய எரிபொருளைத் தொட்டுக் கழுவி, கதிரியக்கச் சீசியத்தைச் சுமந்துகொண்டு அது அடித்தளத்தில் தேங்கியது. ஏப்ரல் 2-ஆம் தேதி, 2-ஆம் உலையின் கடலோரக் குழி ஒன்றில் 20 சென்டிமீட்டர் வெடிப்பு வழியாக அது நேராகக் கடலுக்குள் பீய்ச்சிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். குழிக்கு மேலே மணிக்கு 1,000 மில்லிசீவர்ட்டுக்கும் அதிகமான கதிர்வீச்சு. சில மணி நேரம் நின்றால் உயிருக்கே ஆபத்து. கான்கிரீட் கொட்டினார்கள், நிற்கவில்லை. குழந்தைகளின் டயப்பரில் ஈரம் உறிஞ்சுமே அந்த வகைப் பாலிமர் பொடி, மரத்தூள், கிழித்த செய்தித்தாள் எல்லாவற்றையும் கலந்து திணித்தார்கள், நிற்கவில்லை. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க, குளியல் தொட்டியில் கரைக்கும் வெள்ளைப் பொடியைக் கலக்கிப் பார்த்தார்கள். நினைத்த வழியில் அது வரவில்லை. கடைசியில் மண்ணுக்குள் சோடியம் சிலிகேட் கரைசலைச் செலுத்தி அதை இறுகவைத்தபோது, ஏப்ரல் 6 காலையில்தான் ஒழுக்கு நின்றது. ரோபோவுக்குப் பேர்போன நாட்டில், மரத்தூளும் பழைய பேப்பரும்!

அந்த ஜூன் மாதம் முதல், வழிந்த தண்ணீரையே எடுத்துச் சீசியத்தையும் உப்பையும் நீக்கி மறுபடி உள்ளே அனுப்பும் சுழற்சி தொடங்கியது. ஹைட்ரஜன் மறுபடி வெடிக்காதிருக்க நைட்ரஜனையும், அணுப்பிளவு மீண்டும் தொடங்காதிருக்கத் தேவைப்பட்டபோது போரிக் அமிலத்தையும் சேர்த்துச் செலுத்தினார்கள். டிசம்பர் 16-ஆம் தேதி ‘குளிர் நிலைக்கு வந்துவிட்டது’ என்று அரசு அறிவித்தது. ஆனால் மலையிலிருந்து வரும் நிலத்தடி நீர் நாள்தோறும் 400 டன் அளவில் அடித்தளத்துக்குள் புகுந்து தானும் கெட்டது. தொட்டி மேல் தொட்டி கட்டினார்கள், ஆயிரத்தைத் தாண்டியது. உலைகளைச் சுற்றி 30 மீட்டர் ஆழத்துக்குக் குழாய்களை இறக்கி, அவற்றில் மைனஸ் 30 டிகிரிக் குளிர்க்கரைசலை ஓடவிட்டு, மண்ணையே ஒன்றரை கிலோமீட்டர் நீளப் பனிச்சுவராக உறையவைத்தார்கள். அந்தச் சுவரும் கரண்டில்தான் உறைந்து நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். சுத்திகரித்த பிறகும் பிரிக்க முடியாத டிரிட்டியம் தங்கிய நீரை, கடல்நீரோடு பலமடங்கு கலந்து 2023 ஆகஸ்ட் 24 முதல் கடலில் விடுகிறார்கள்.

‘குளிர் நிலை’ என்ற சொல்லை நம்பிக் கண்ணயர்ந்தால் என்ன ஆகும்? 2013 மார்ச் 18 மாலை, திடீரென 1, 3, 4-ஆம் உலைகளின் குளங்களுக்குக் குளிர்நீர் ஓட்டம் நின்றது. முழுவதும் சரிசெய்ய 29 மணி நேரம் பிடித்தது. காரணம் ஓர் எலி. விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளாகியும் ஒரு லாரியின் மேல் தற்காலிகமாக வைத்திருந்த மின்பலகைக்குள் புகுந்து, ஷார்ட் சர்க்யூட் ஆக்கிவிட்டுச் செத்துக் கிடந்தது. குளங்கள் அபாய எல்லையை எட்ட அவகாசம் இருந்ததால் தப்பித்தோம். சுனாமிக்குச் சுவர் கட்டலாம், எலிக்கு?

நம் ஊரில் இதெல்லாம் நடக்குமா என்றால், பாதி நடந்தே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்ப் பம்ப் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த 2-ஆம் உலையை நிறுத்தினார்கள். அங்கே மின்சாரம் பறிபோகவில்லை, உலை தப்பியது. 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் டர்பைன் இலை முறிந்து, ஹைட்ரஜன் தீப்பிடித்து, கேபிள்கள் கருகி, 17 மணி நேரம் நிலையமே இருளில் மூழ்கியது. அந்த இருட்டில் டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளை இயக்கி நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் ஏற்றிச் சமாளித்தார்கள். ஃபுகுஷிமாவுக்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே வந்த எச்சரிக்கை அது. கூடங்குளத்தில் மின்சாரம் இல்லாமலே காற்றால் சூட்டை வெளியேற்றும் அமைப்பும், உருகிய எரிபொருள் இறங்கினால் பிடித்துவைக்க அடியில் ஒரு பொறிக்கலமும் உண்டு. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காற்று அமைப்பு நீராவிக் கலன்களோடு இணைந்தது. பயன்படுத்திய எரிபொருள் குளத்துக்கு அது உதவாது. பாதுகாப்பு பற்றிப் பேச வரும் அதிகாரிகளிடம் உலையைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள்; குளத்தைப் பற்றிக் கேளுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உக்ரைன். ஐரோப்பாவிலேயே பெரியதான ஜப்போரிஜியா அணுமின் நிலையம் 2022 மார்ச் முதல் ரஷ்யப் படைகளின் பிடியில், போர்முனையின் ஓரத்தில் நிற்கிறது. ஆறு உலைகளும் 2024 ஏப்ரலிலிருந்து குளிர் நிலையில்தான் நின்று கிடக்கின்றன. ஆண்டுக்கணக்கில் நின்றதால் சூடு வெகுவாகத் தணிந்திருக்கிறது, அவகாசமும் கூடியிருக்கிறது. ஆனாலும் தண்ணீர் வேண்டும், கரண்ட் வேண்டும். 2023 ஜூன் 6-ஆம் தேதி ககோவ்கா அணை உடைந்து நீர்த்தேக்கம் வடிந்துபோனது; கிணறுகள் தோண்டி அந்தத் தண்ணீரில் சமாளிக்கிறார்கள். போருக்கு முன் அங்கே நான்கு பெரிய மின்தடங்களும் ஆறு மாற்றுத் தடங்களும் இருந்தன. போர் தொடங்கியபின் அவை ஒவ்வொன்றாய்ச் சுருங்கி, 2025 செப்டம்பர் 23 அன்று கடைசித் தடமும் அறுந்தது. அதன்பிறகு ஒரு மாதம் அந்த நிலையம் டீசல் ஜெனரேட்டர்களில் மூச்சு விட்டது. ஒரு மாதம்! அத்தனை நாள் ஓடவேண்டி வரும் என்று நினைத்து வைத்தவை அல்ல அவை. தடத்தைச் சரிசெய்ய, இருதரப்பும் அந்தப் பகுதியில் மட்டும் சண்டையை நிறுத்தச் சம்மதிக்க வேண்டியிருந்தது.

அந்த ஒரு மாதத்தில் நம் செய்திகளில் அது எத்தனை முறை தலைப்பானது? அங்கிருந்து அடுத்த முறை செய்தி வரும்போது ‘உலைகள் நின்றுள்ளன’ என்பதைத் தாண்டிக் கண்ணை ஓட்டுங்கள். எத்தனை மின்தடம் உயிரோடிருக்கிறது, டீசல் எத்தனை நாளைக்கு இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் வருகிறதா, குளத்தின் வெப்பநிலை என்ன என்று தேடுங்கள். ஃபுகுஷிமாவின் மூன்று உலைகளுக்குள் உருகி உறைந்து கிடக்கும் எரிபொருள் 880 டன் என்கிறார்கள். அதிலிருந்து முதல் மாதிரியை, தூண்டில்கோல் மாதிரி நீளும் கருவியால் 2024 நவம்பரில் வெளியே எடுத்தார்கள். எடை 0.7 கிராம். மிச்சத்தின் மேல் இன்றும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.